துரைக்கு ஆறு தேடின கதை

அடுத்தவர் வீட்டு அடுப்பில் நின்று சமைத்திருக்கிறீர்களா? சமைத்திருந்தால் உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பங்களாச் சமையல் என்றால் சமையல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறோம். போன பிறகுதான் தெரிகிறது, துரைக்குத் தூக்கம் வராவிட்டாலும், சட்டைப் பொத்தானைக் காணாவிட்டாலும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் முதலில் கூப்பிடுவது அடுப்படியில் இருப்பவளைத்தான்.

மலாயாவில் லாபிஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்காரத் துரை காலத்தில், நான் சமையற்கட்டுக்கு எடுபிடி. தேங்காய் துருவுவேன், பாத்திரம் தேய்ப்பேன். சமைத்தவர் ஒரு சீனர். குண்டு விழ ஆரம்பித்ததும் துரை சிங்கப்பூருக்குக் கிளம்பினார். சீனர் எந்தப் பக்கம் போனார் என்று இன்றுவரை தெரியாது. ஜப்பான்காரத் துரை வந்து இறங்கினபோது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் சமையல்காரி ஆனேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படிப்பு, இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை செல்லம், இவ்வளவுதான் என் தகுதி.

அப்போது கூலி வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் ஒரே பயம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கும் பட்டியல் எழுதச் சொல்லி உத்தரவு வந்து, கிராணி எழுதினார். கிராணி என்பவர் ஆபீஸ் கணக்கப்பிள்ளை, டவுனில் படித்தவர், ஜப்பான் பாஷையும் கொஞ்சம் கற்றுக்கொண்டு துரைக்கு வாயாக இருந்தார். பட்டியலில் என் வீட்டுக்காரர் காத்தமுத்து பெயரும் இருந்தது. கொசு வளராமல் இருக்கத் தண்ணீரில் மலேரியா எண்ணெய் தெளிப்பது அவர் வேலை. சண்டையில் எண்ணெய் வருவது நின்றுபோக, வேலையில்லாத ஆள் என்று எழுதிவிட்டார்கள். நான் கிராணி காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் சொன்னார்: “துரைக்கு வேண்டிய ஆளுன்னா பேரை அடிச்சிடலாம் பொன்னம்மா. ஆனா அதை துரை வாயால சொல்லணும்.”

அந்த வாரத்தில்தான் துரைக்கு மீன் பிடிக்கப் போகவேண்டும் என்று தோன்றியது.

டின்னுக்கு முன்னால்

ஒரு நாள் லீவு கிடைக்கும், எங்காவது போய் நிம்மதியாக மீன் பிடிக்க வேண்டும், நல்ல இடமாகச் சொல்லுங்கள் என்றார் துரை. நிம்மதியாக மீன் பிடிப்பது என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் புரியவில்லை. எங்களுக்கு மீன் பிடிப்பது என்றால் வாய்க்காலை மண் போட்டு அடைப்பது, தகரத்தால் தண்ணீரை இறைப்பது, சேற்றில் கையை விட்டுத் துழாவுவது. அரை மணியில் முடிந்துவிடும். குழம்புக்கு வந்த பிறகு வேண்டுமானால் நிம்மதி.

எந்த மாதிரி மீன் என்று காட்டுவதற்காக, வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். ஒரு மீனுக்கு உடம்பெல்லாம் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி. இன்னொன்று வெள்ளியாகப் பெரியது, அருவியில் மேல்நோக்கிக் குதிக்கிறது. கிராணி இங்கிலீஷைப் பார்த்துப் படித்தார்: இது டிரவுட், இது சால்மன்.

சால்மன் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்த மீனை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரத் துரைக்கு எத்தனை டின் திறந்திருக்கிறேன். ஓடிப்போய்க் கடுகு போட்டு வைத்திருந்த பழைய டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். இதற்குத் தலை வால் கிடையாது, ரோஸ் நிறம், வட்டமாக இருக்கும், ஆற்றில் எல்லாம் கிடைக்காது, கடையில்தான் என்று விவரமாகச் சொன்னேன். துரை டின்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டின்னைக் கவிழ்த்தார், கடுகு கொட்டி மேசையெல்லாம் ஓடிற்று. அப்புறம் கிராணியிடம் நெடுநேரம் பேசினார். கிராணி என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: “டின்னுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சுன்னு கேக்கிறார்.”

குல்லாவில் குத்தின இறகு

ஸ்டோர் ரூமில் வெள்ளைக்காரத் துரையின் தூண்டில் கழிகள் கிடந்தன. அவற்றோடு ஒரு தகரப்பெட்டி. உள்ளே சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒன்றாக இறகில் கட்டிய பூச்சி மாதிரி ஏதோ. பெருக்கும்போது முன்பே அதைப் பார்த்திருக்கிறேன். துரைசானி தொப்பியில் குத்திக்கொள்கிற அலங்காரம் என்று நினைத்து, போனவர்கள் திரும்பியா வரப்போகிறார்கள் என்று இரண்டை எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் குறட்டால் அடியில் கொக்கியாக வளைந்திருந்த கம்பியை வெட்டிக் கொடுத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று மயில் பச்சை. செல்லத்தின் குல்லாவில் வைத்துத் தைத்தேன். லயத்தில் எல்லோரும் அழகு பார்த்தார்கள்.

ஜப்பான்காரத் துரை பெட்டியைத் திறந்ததும் இரண்டு அறை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டார். விரலை வைத்து எண்ணினார். நான் கதவோரம் நின்று உலை கொதிக்கிறது என்று சொல்லிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, செல்லம் தவழ்ந்து வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். தலையில் குல்லா.

இந்த துரை இதைவிடச் சின்னக் காரியத்துக்கெல்லாம் கன்னத்தில் அறைகிறவர். குழந்தையைத் தூக்கினார். குல்லாவைக் கழற்றி, இறகை நகத்தால் நிமிண்டி, கொக்கி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் குல்லாவைப் போட்டு, குழந்தையைக் கீழே விட்டார். கொக்கியை எடுத்தது யார் என்று கேட்பதாகக் கிராணி சொன்னார். “எங்க வீட்டுக்காரர்தான். தூண்டில், மீன் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு கேட்டாலும் சொல்லுவார்” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். கிராணி அதை மொழிபெயர்த்ததும் துரை தலையை ஆட்டினார். கிராணி என் காதோரம் குனிந்து கேட்டார்: “பொன்னம்மா, காத்தமுத்து அவன் ஆயுசுல ஒரு மீனாச்சும் பிடிச்சிருக்கானா?”

சிவப்புக் குண்டூசிகள்

ஆபீஸ் அறைச் சுவரில் தோட்டத்தின் வரைபடம் மாட்டியிருந்தது. அதில் அங்கங்கே சிவப்புத் தலைக் குண்டூசி. தூண்டில் வைத்திருந்த மனுஷன் குண்டூசியும் குத்தியிருக்கிறார் என்றால், நல்ல மீன் கிடைக்கிற இடங்களைத்தான் குறித்து வைத்திருப்பார் என்று துரை முடிவு செய்தார். கிராணியும் ஆமாம் ஆமாம் என்றார். துரை ஆமாம் என்றபின் இல்லை என்று சொல்கிற ஆளை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை. இருப்பதிலேயே தூரமான குண்டூசியைத் துரை தொட்டார். பெட்டி தூக்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

அவர் வரைபடத்தைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போய் வாங்க என்று நானும் கண்ணைக் காட்டினேன். போனார்கள். முழங்கால் அளவு சகதி, மேலே பழைய எண்ணெய்ப் படலம் இன்னும் வானவில் மாதிரி மினுங்குகிறது, உள்ளே ஒரு தலைப்பிரட்டைகூட இல்லை. அந்தக் குண்டூசிகள் கொசு முட்டையிடுகிற இடங்கள். என் வீட்டுக்காரர் நாலு வருஷமாக வாராவாரம் எண்ணெய் ஊற்றி, அசைகிற எல்லாவற்றையும் கொன்ற இடங்கள்.

துரை இடுப்புவரை சேறோடு திரும்பினார். கிராணிக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விழவில்லை. சகதியில் எங்கே கால் வைத்தால் புதையாது என்று ஒவ்வொரு அடியும் காட்டிக் கூட்டிவந்தாராம், தண்ணீர் தெரிந்த ஆள்தான் என்று துரைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சாயங்காலம் அவர் வேட்டியை அலசிக்கொண்டே, போவதற்கு முன்னால் வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று சண்டை போட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: “மீன் தெரிஞ்ச ஆளுன்னு நீ சொல்லிவிட்டே. மீனைக் கொன்ன ஆளுன்னு நான் எப்படிப் புள்ள சொல்றது?”

தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறவர்

அதற்குப் பிறகு தோட்டத்தில் ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். என் அக்காளைக் கட்டிக்கொடுத்த பெக்கான் நானாஸில், அன்னாசிக் காட்டு வாய்க்கால்களில் கூடையை விட்டாலே மீன் வரும் என்று நான் சொன்னேன். கிராணி தெப்ராவ் கடலோரம் என்றார். அந்தச் சாக்கில் ஜொகூர் டவுனைப் பார்த்துவிட்டு வர அவருக்கு ஆசை. துரையின் காரை ஓட்டின சமாட் அண்ணன், தன் சொந்தக்காரர்கள் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஆற்று வளைவில் ஆள் நீளத்துக்குக் கெளுத்தி கிடக்கிறது என்றார். சமாட் அண்ணன் மலாய்க்காரர், ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

துரை எல்லாவற்றையும் போய்ப் பார்த்தார். ஜொகூர் பக்கம் வேலையாகப் போன இடத்தில் அன்னாசிக் காட்டு வாய்க்காலில் காரை நிறுத்தி, தேத்தண்ணி நிறத்தில் ஓடின தண்ணீரில் கையை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, துடைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாராம். தெப்ராவிலும் அப்படியே. சமாட் அண்ணன் கம்பத்தில் துரையின் கண்ணெதிரே ஒரு மீன் துள்ளி விழுந்ததாம். அதைப் பார்த்தும் பாராதமாதிரி கையை விட்டார், எடுத்தார், துடைத்தார்.

சமாட் அண்ணனுக்குக் கோபம் என்றால் கோபம். என் சமையற்கட்டில் வந்து உட்கார்ந்து, வறுத்த சோளத்தில் போட்ட கறுப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, வருகிற செவ்வாய்க்கிழமை சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வருகிறது, லாபிஸ் ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். இடம் கிடைக்காதவரை பெயரை அடிக்கமாட்டேன் என்று கிராணி சொல்லியாயிற்று; அடி வாங்கின கன்னம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாவது, துரையைப் பற்றி: “மீன் இருக்கிற இடம் கேட்டா நான் நூறு காட்டுவேன், தங்கச்சி. இந்த துவான் தண்ணிய தொடுறார், துடைக்கிறார், போலாங்கிறார். அலமாக், மீன் பிடிக்கணுமா கை கழுவணுமா, ஒண்ணும் தெரியல லா.”

செல்லம் அழுத ஓடை

மறுநாள் செல்லத்தைக் குளிப்பாட்டப் போனேன். தண்ணீரை மொண்டு ஊற்றுவதற்கு முன் வழக்கம்போல் கையை விட்டுப் பார்த்தேன். விட்ட கை அப்படியே நின்றது. இதைத்தானே அவரும் செய்கிறார். சூடா, ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறார். நம் ஊர்த் தண்ணீர் எல்லாம் வெந்நீரை இறக்கிவைத்து மறந்துபோன மாதிரிதான் இருக்கும். அந்தப் படத்து மீன் பாறையும் அருவியுமாக இருக்கிற இடத்தில் குதித்தது. இந்த மனுஷன் தேடுவது மீனைக்கூட இல்லை, ஜில்லென்ற தண்ணீர்.

ஜில்லென்ற தண்ணீர் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் கரகம் ஜோடிக்கிற ஓடை. பக்கத்து ஆற்றில் ரப்பர் ஆலைத் தண்ணீர் கலந்து நாற்றம் அடிக்கும் என்பதால், கடைசி ரப்பர் நிரையும் தாண்டிக் காட்டுக்குள் மலையடிவரை நடந்துபோய் அங்கே செம்பை நிரப்புவது எங்கள் வழக்கம். போன திருவிழாவில் கைக்குழந்தையாக இருந்த செல்லத்தின் காலை அதில் நனைத்தேன். லயம் வந்து சேரும்வரை வீறிட்டு அழுதாள். ஆனால் அது அம்மா தண்ணீர். செருப்பு போடக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, அதில் மீன் பிடித்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. மூன்று வருஷமாக அங்கிருந்து கரகம் தூக்கி வருகிறவர் வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர்தான்.

இதைச் சொன்னதும் அவர் மரவள்ளிக்கிழங்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா தண்ணியில தூண்டில் போடச் சொல்றியா?”

“போடுறது அவர். நீங்க பெட்டி தூக்கப்போறீங்க.”

“மீன் மாட்டிட்டா?”

“மாட்டாம இருக்கணும்னு வேண்டிக்குங்க. மூணு வருஷம் தலையில வச்சுத் தூக்கியிருக்கீங்க, அம்மா இது கூடவா செய்ய மாட்டா?”

“என்னிக்குப் போறது?”

“செவ்வாய்க்கிழமை. லாரி வர்ற அன்னிக்கு நீங்க லயத்துல இருக்கக் கூடாது.”

துரையிடம் இதைச் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. கிராணியும் பக்கத்தில் இல்லை. ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, அதில் கையை விட்டு, பல்லைக் கிட்டி, தோளைக் குறுக்கி, நடுங்கிக் காட்டினேன். பிறகு ஜன்னல் வழியாக மலையைக் காட்டினேன். பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரிதான் முதலில் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தானும் சட்டியில் கையை விட்டு நடுங்கிக் காட்டினார். சரிதானா என்று கேட்கிறார். சரி என்று தலையாட்டினேன். இரண்டு பேரும் இப்படி நடுங்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில் கிராணி உள்ளே வந்தார். செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. பட்டியலில் இருந்த பெயரை மட்டும், போய் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கிராணி அடிக்காமல் விட்டுவிட்டார். வீட்டில் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் விரல்விட்டு ஏதோ எண்ணினார். “லாரி ஏத்தக் கூடாதுன்னு ஒரு வேண்டுதல், மீன் மாட்டக் கூடாதுன்னு ஒரு வேண்டுதல். அம்மாகிட்ட எதை முதல்ல சொல்றது புள்ள?”

பட்டியலில் ஒரு ஆள் குறைந்தது

செவ்வாய்க்கிழமை விடியும்போதே துரையும் என் வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டார்கள். காப்பி நேரத்துக்கு ஜப்பான் சிப்பாய்களோடு லாரி வந்தது. பெரட்டுக்கு மணி அடித்தார்கள். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற அதே களத்தில் எல்லோரையும் நிற்கவைத்தார்கள். கிராணி பட்டியலை வாசித்தார். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக ஏறினார்கள். எதிர் லயத்துச் சின்னையா ஏறினார். அவர் பெண்டாட்டி செல்லத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள்; அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காத்தமுத்து என்று வாசித்தபோது யாரும் வரவில்லை.

துரையோடு மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்று கிராணி சொன்னதைச் சிப்பாய்த் தலைவர் நம்பவில்லை. எந்த இடம் என்று கேட்டால் கிராணிக்குத் தெரியாது. அவர் அந்த ஓடைக்கு ஒருநாளும் வந்தவர் இல்லை. தலைவர் பூட்ஸ் காலோடு என் சமையற்கட்டுக்கு வந்து, பெஞ்சுக்கு அடியில், விறகுக்குப் பின்னால் எல்லாம் துப்பாக்கியால் குத்திப் பார்த்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், துரையின் மேசையில் இருந்த மீன் புத்தகத்தை எடுத்துவந்து புள்ளி மீன் படத்தை விரித்து, மலைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தார். வெளியே இருந்த இரண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு, ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, இல்லை வேறு பெயர் என்று ஒருவர் சொல்லி, தர்க்கம் செய்தார்கள். லாரியில் நம் ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள். இங்கே இவர்கள் படத்து மீனின் புள்ளியை எண்ணுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு எழுந்தார். துரையோடு போன ஆளைத் தொட அவருக்குத் தைரியம் இல்லை. ஆனால் ஆள் குறைந்ததற்கு யாரையாவது கேட்கவேண்டுமே. களத்துக்குப் போய்க் கிராணியின் கையில் இருந்த பட்டியலை விரலால் தட்டி ஒரு வாக்கியம் சொன்னார். லாரி போனபிறகும் கிராணி அதே இடத்தில் நின்றார். என்ன சொன்னார் ஐயா என்று கேட்டேன். கிராணி மொழிபெயர்த்தார்: “அடுத்த தடவை ஆள் குறைஞ்சா, வாசிக்கிறவனையே ஏத்திடுவேங்கிறார்.”

பூட்ஸைக் கழற்றினார்

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பெட்டியை இறக்கிவைத்தார். நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன்; முழு ஆளாகத்தான் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

ஓடையோரத்தில் திருவிழாவில் வேப்பிலை கட்டி மஞ்சள் பூசின கல் அப்படியே இருந்ததாம். இவர் வழக்கம்போல் அதன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். துரை பார்த்தார். மரவேரில் உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, கல்லுக்கு முன்னால் குனிந்து எழுந்து, படீர் படீர் என்று இரண்டு தரம் கையைத் தட்டினார். யாரையோ கூப்பிடுகிறார் என்று இவர் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் வரவில்லை. ஒருவேளை அவர்கள் ஊரில் சாமிக்கு இப்படித் தட்டவேண்டும் போலிருக்கிறது என்று இவரும் இரண்டு தரம் தட்டினார். துரை தண்ணீரில் கையை விட்டார். இந்தத் தடவை துடைக்கவில்லை. அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம்வரை ஒன்றும் மாட்டவில்லை. இவர் கல்லைப் பார்த்து வேண்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் திடீரென்று கழி வளைந்தது. பொன் நிறத்தில், பெரிய பெரிய செதிலோடு ஒரு மீன். துரை அதை ஈரக்கையில் பிடித்து, இந்தப் பக்கம் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார், இல்லை. தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அப்புறம் தூண்டிலைச் சுற்றிவைத்து, காலை ஓடையில் போட்டுக்கொண்டு பாறையில் சாய்ந்து தூங்கிவிட்டார். இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: “அவருக்கும் மீன் மாட்டிச்சு, எனக்கும் மீன் தப்பிச்சிடுச்சு. அம்மா யார் பேச்சைக் கேட்டான்னுதான் தெரியல.”

பின்வாசலில்

மறுநாள் துரை, அந்த ஆள் எனக்கு வேண்டும் என்று தன் வாயால் சொன்னார்; கிராணி கோடு போட்டுப் பெயரை அடித்தார். இப்போது ஜப்பான்காரர்கள் போய், செல்லம் லயத்தைச் சுற்றி ஓடுகிறாள். சின்னையா இன்னும் வரவில்லை. அவர் பெண்டாட்டிக்குக் கிடைக்கிற அரிசியில் பாதி எங்கள் பானையிலிருந்து போகிறது.

ஆனால் கிராணி வந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. லாரி போன மூன்றாம் நாள், பங்களாவின் முன்வாசலைத் தவிர வேறு வாசல் அறியாத அந்த மனுஷர் என் பின்வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, கோழிகளுக்கு நடுவில் நின்றார். நாலாவது படித்த ஒருத்தியிடம் ஒரு கிராணி வந்து நிற்கவேண்டுமென்றால் அவள் வீட்டுக்காரர் ஆயுசில் ஒரு மீனும் பிடிக்காதவராக இருந்தாலே போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“பொன்னம்மா, துரை அடுத்த மாசம் மறுபடியும் போறாராம், அந்த மீன் புத்தகத்தைத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணும்னு அவர்கிட்ட கொஞ்சம் நடுங்கிக் காட்டும்மா.”